பிரம்புக்கு எனாமல் அடிக்க வேண்டாம்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் வண்ணம் தீட்டும் அக்கா தங்கைகளுக்கு,



பொங்கல் நெருங்கும்போது நம் ஊர்த் தெருக்களில் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வெள்ளையடித்து, கதவு ஜன்னலுக்கு எனாமல் அடித்து முடித்த பிறகு டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வீணாகிறதே என்று திண்ணையில் கிடக்கும் பழைய பிரம்பு நாற்காலிக்கு அதை அடித்துவிடுவார்கள். பின்னலின் கண்கள் அடைபட்டுப் போகும். ஆள் உட்கார்ந்து எழும்போதெல்லாம் பிரம்பு வளைந்து நிமிரும், எனாமல் வளையாது. அதனால் வருஷம் திரும்புவதற்குள் செதில் செதிலாக உரியத் தொடங்கும். அதன்பின் நாற்காலி மொட்டை மாடிக்கு ஏறி, மழையிலும் வெயிலிலும் மக்கிப்போகும்.

அந்த நாற்காலியை மீட்க உப்புத்தாளும் தூரிகையும் கொஞ்சம் சாயமும் அரக்கும் போதும். எல்லாம் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. பல காலமாக என் வீட்டுப் பிரம்புச் சாமான்களுக்கு நானே சாயமேற்றிப் பூச்சு கொடுத்து வருகிறேன். இந்த ஊரில் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான கைகள் உங்களுடையவை என்று உறுதியாக நம்புவதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் பிரம்பு நாற்காலியும் ஊஞ்சலும் பெரும்பாலும் எங்கிருந்து வந்தவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகும் பேருந்தில் ஏறி, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தைக்கால். சாலையோரக் கடைகளில் ஊஞ்சலும் தொட்டிலும் கூடை நாற்காலியும் தொங்கும். தைக்கால் பிரம்பு வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அங்கே பிரம்பை ப்ளோ லாம்ப் சூட்டில் காட்டி வளைப்பதையும், மூட்டுகளில் பிரம்புத் தோலைச் சுற்றி இறுக்குவதையும் ஒருமுறை நின்று பாருங்கள். கை அறிந்த வேலை அது. சமவெளியின் ஈரமான ஆற்றோரங்களில் தானாக வளரும் பிரம்பு நம் தமிழ்நாட்டுக்குச் சொந்தமானதுதான். ஆனால் இன்று தொழிலுக்குத் தேவையான பிரம்பு அசாமிலிருந்தும் அந்தமானிலிருந்தும் வர வேண்டியிருக்கிறது. உலகின் பெரும்பகுதிப் பிரம்பை விளைவிக்கும் இந்தோனேசியா, 2012 முதல் பதப்படுத்தாத பிரம்பை ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. மாடியில் மக்கவிடும் ஒவ்வொரு நாற்காலியும் திரும்ப எளிதில் கிடைக்காத பொருள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது பிரம்பின் உடம்பைப் பற்றி. இங்கேதான் உங்கள் தொழில் அறிவு வேலைக்கு வருகிறது.

பிரம்பு பனை, தென்னையின் இனம். ஆனால் கொடியாக வளர்ந்து, முள்ளைக் கொக்கியாக மாட்டிக்கொண்டு காட்டு மரங்களின் மேல் ஏறும். மூங்கில் உள்ளே வெற்றிடம், பிரம்பு முழுக்கக் கெட்டி. அந்தக் கெட்டித் தண்டுக்குள் நீளவாக்கில் நுண்குழல்கள் ஓடுகின்றன. வாசனை எண்ணெய்க் குப்பியில் செருகி வைக்கும் குச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல பிரம்பின் உள்தண்டுதான், குழல்கள் வழியாக எண்ணெயை மேலே இழுக்கும். சாயத்தையும் அப்படியே இழுக்கும். மேல்தோலோ நேர்மாறு. அதில் சிலிக்கா படிந்திருக்கிறது, அதற்கு மேல் மெழுகும் உண்டு. நீங்கள் கிளேஸில் சேர்க்கும் குவார்ட்ஸ் தூளும் சிலிக்காதான். பிரம்புத் தோல் பளபளப்பதற்கும், அதன்மேல் ஊற்றிய சாயம் முத்து முத்தாக உருண்டு ஓடுவதற்கும் காரணம் அதுவே.

பிஸ்கெட் சுட்ட பொம்மை தண்ணீரைக் குடிக்கும், கிளேஸ் ஏறிய பொம்மை குடிக்காது. இதை உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். பிரம்பிலும் முதல் சோதனை இதுதான். நாற்காலியின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உள்ளே போனால் அது தோல் உரித்த உள்பிரம்பு, சாயம் ஏறும். சொட்டு அப்படியே நின்றால் ஒன்று தோல், அல்லது பழைய வார்னிஷ் இன்னும் இருக்கிறது. கடையில் ஒரே வகைச் சாயத்தை வாங்கி வந்து நாற்காலி முழுக்கத் தடவுகிறவர்கள் ஏமாந்துபோவது இந்த வேறுபாடு தெரியாததால்தான். கால் கறுத்துவிடுகிறது, கைப்பிடியின் சுற்று வெளுப்பாகவே நிற்கிறது, வெட்டுமுனைகள் மட்டும் கரியாகிவிடுகின்றன. பிரம்பில் குறை ஒன்றுமில்லை. குடிக்கும் இடத்துக்கும் குடிக்காத இடத்துக்கும் ஒரே மருந்து கொடுத்ததுதான் குறை.

முதலில் சுத்தம். மெல்லிய பிரஷ்ஷால் பின்னல் இடுக்கில் உள்ள தூசியைத் தட்டி, சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். ஊறவைக்க வேண்டாம். நிழலில், காற்றோட்டத்தில் உலரட்டும். சுள்ளென்ற வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

உட்கார்ந்து உட்கார்ந்து பின்னல் தொய்ந்திருந்தால் பலர் அதை அறுத்துவிட்டு ஒயர் கட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து, ஓரிரவு ஆள் உட்காராமல் விடுங்கள். இழை அறுபடாமல் இருந்தால் உலரும்போது சுருங்கி இறுகும். அடிப்பக்கத்தில் பூச்சு இல்லாததால்தான் தண்ணீர் உள்ளே போகிறது, அதனால்தான் இந்த வைத்தியம் பலிக்கிறது. ஆகவே பின்னலின் அடிப்பக்கத்துக்கு எந்தக் காலத்திலும் வார்னிஷ் அடிக்காதீர்கள். என்னைக் கேட்டால் உட்காரும் பின்னலுக்கு மேல்பக்கமும் கெட்டிப் பூச்சு கூடாது. ஒரு மெல்லிய கை போதும்.

அறுந்த இழையை மாற்றுவது தனிக் கலை. அரசு அலுவலகங்களின் பிரம்பு நாற்காலிகளைப் பின்னிக் கொடுத்தவர்களில் பார்வையற்ற கைவினைஞர்கள் ஏராளம். பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னலை ஒரு தொழிலாகவே கற்றுக்கொடுத்தார்கள். விரல் நுனியால் கண்களை எண்ணிப் பின்னிய அந்த இருக்கைகளின் மேல் எனாமல் டப்பாவைக் கவிழ்ப்பதை என்னால் தாங்க முடிவதில்லை.

நாற்காலிக்கு அடியில் மாவு மாதிரிப் பொடி கொட்டியிருந்தால் துளைப்பூச்சி இருக்கிறது. பிரம்பில் உள்ள மாவுச்சத்துக்காக அது வருகிறது. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் இதற்கு நல்ல மருந்து. கிளேஸ் உருகுவதற்கு உதவும் போராக்ஸ்தான் வெண்காரம், உங்களுக்குப் பழகிய பொருள். வெந்நீரில் கரைத்து, பூச்சு இல்லாத இடங்களிலும் துளைகளிலும் தூரிகையால் ஊட்டுங்கள். சாயத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது, பூச்சு ஏறிய பிறகு மருந்து உள்ளே போகாது. தொட்டிலுக்கும், குழந்தைகள் வாய் வைக்கும் சாமானுக்கும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

ஏற்கெனவே எனாமல் அடித்த நாற்காலி வந்தால் என்ன செய்வது? இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வெளியாகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் இருந்திருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் உங்கள் மூச்சில் போகும், தரையில் தவழும் பிள்ளையின் கைக்குப் போகும். ஈயம் கலந்த கிளேஸின் ஆபத்து பீங்கான் ஊருக்குத் தெரியாததல்ல. பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறியபின் மொக்கைக் கத்தியால் ஈரமாகவே வழித்தெடுங்கள். கையுறை போடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். வழித்த கசடைக் காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்துங்கள். சிலர் சொல்வதுபோல காஸ்டிக் சோடாத் தண்ணீரில் முக்கி எடுத்தால் பெயின்ட்டோடு சேர்ந்து பிரம்பின் நாரும் போய்விடும்.

இனி சாயம். உள்பிரம்பை 180ஆம் எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் சிலும்பு எழும். உலர்ந்ததும் 220 அல்லது 320ஆம் எண் தாளால் அந்தச் சிலும்பை எடுங்கள். வெட்டுமுனைகளுக்கு மட்டும் முன்கூட்டியே மிகவும் நீர்த்த அரக்கு ஒரு கை கொடுங்கள், அவை அளவுக்கு மீறிக் குடிக்காது. நீரில் கரையும் மரச்சாயப் பொடியை முதலில் வெளிறலாகக் கரையுங்கள். தடவி, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, போதவில்லை என்றால் இன்னொரு கை. அடர்த்தியை ஏற்றுவது எளிது, குறைப்பது கடினம். சாயம் உலர்ந்ததும் மங்கிச் செத்ததுபோல் இருக்கும். பயப்படாதீர்கள். ஈரமாக இருந்தபோது தெரிந்த நிறம் பூச்சு ஏறியதும் திரும்பி வரும். சூளைக்குப் போகுமுன் கிளேஸ் ஒரு நிறம், வந்தபின் ஒரு நிறம் என்று பார்த்துப் பழகிய உங்கள் கண்ணுக்கு இதைக் கணிப்பது பெரிய காரியமில்லை.

தோலுக்கு வேறு வழி. அதைச் சுரண்டி உரித்துச் சாயம் ஏற்றாதீர்கள், பிரம்பின் பலமும் அழகும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. 320ஆம் எண் தாளால் மினுமினுப்பை மட்டும் லேசாகக் கொன்றுவிட்டு, ஸ்பிரிட்டில் கரையும் சாயத்தை அரக்குப் பூச்சிலேயே துளி கலந்து மெல்லியதாகத் தடவுங்கள். சாயம் உள்ளே இறங்காது, பூச்சோடு மேலே நிற்கும். தோல் இயல்பிலேயே தேன் நிறத்துக்கு முதிர்ந்திருந்தால் அதைத் தொடாமல் விடுவதுதான் என் விருப்பம்.

கடைச் சாயம் வேண்டாம் என்பவர்களுக்குக் கருப்பு நிறத்துக்கு ஒரு பழைய வழி உண்டு. கருப்பூரில் கலம்காரி வரைகிறவர்கள் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, வெல்லத்தோடு புளிக்கவைத்த இரும்புத் துருக் கரைசலால் கோடு போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து அந்த இடத்திலேயே கருப்பாகும். உள்பிரம்பிலும் இதே வேதியியல் நடக்கும். கடுக்காய் நீரை முதலில் ஊட்டி, உலர்ந்தபின் துருக் கரைசலைக் கொடுத்து, கடைசியில் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். கரைசல் புளிப்பானது, தங்கிவிட்டால் நாரை அரிக்கும். கடுக்காய்க்குப் பதில் கெட்டியான தேயிலை டிகாக்‌ஷன் என்றால் சாம்பல் கலந்த பழுப்பு கிடைக்கும். மஞ்சளை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், வெளிச்சத்தில் சீக்கிரமே வெளுத்துவிடும்.

பூச்சில் என் முதல் தேர்வு அரக்கு. ஜார்கண்ட் காடுகளில் புரச மரத்திலும் இலந்தையிலும் அரக்குப் பூச்சி விடும் பிசினிலிருந்து வருவது. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 முதல் 125 கிராம் அரக்குச் செதில் போட்டு இரவு முழுக்கக் கரையவிட்டு, துணியில் வடிகட்டினால் மெல்லிய பூச்சு தயார். கை கையாக மூன்று நான்கு முறை கொடுக்கலாம், ஒவ்வொன்றும் சீக்கிரமே உலரும். பழுதானால் அந்த இடத்தில் ஸ்பிரிட் தொட்டுத் தடவினாலே பழைய அரக்கு இளகிப் புதியதோடு சேரும். முழு நாற்காலியையும் மறுபடி சுரண்ட வேண்டியதில்லை. அதன் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும்: சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அடித்தால் பூச்சே பால் படர்ந்ததுபோல் வெளுக்கும். டீபாய் மேல்பலகைக்கும் சாப்பாட்டு மேசை நாற்காலிக்கும் பாலியூரித்தேன் பூச்சு தாங்கும். அதையும் மெல்லியதாகவே கொடுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் அழகான தேன் நிறம் தரும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் எண்ணெய் உலரும்போது எழும் வெப்பத்தில் துணி தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியில் காயவையுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள். ஸ்பிரிட்டோ தின்னரோ திறந்திருக்கும் இடத்துக்கும் சூளைக்கும் நடுவே நல்ல தூரம் இருக்கட்டும். வீடும் பட்டறையும் ஒட்டியிருக்கும் இடங்களில் இதை மறந்துவிடக் கூடாது.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பண்ருட்டியிலும் விருத்தாசலத்திலும் முந்திரி உடைக்கும்போது ஓட்டிலிருந்து எண்ணெய் கிடைக்கிறது. இதன் பிசினிலிருந்து வார்னிஷ் செய்கிறார்கள். ஜப்பானில் விலையுயர்ந்த உருஷி மரப்பிசினுக்கு மாற்றாக முந்திரி எண்ணெய்ப் பூச்சை உருவாக்கி இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பச்சை ஓட்டெண்ணெயைத் தொட்டால் கை வெந்துபோகும் என்பது முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். வீட்டில் அதை நேரடியாக முயலாதீர்கள். இது பதப்படுத்திய வார்னிஷாக நம் ஊர் ஹார்டுவேர் கடைக்கு வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

இந்த வேலையை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், பருவம் அப்படிப் பொருந்துகிறது. நவராத்திரிக்கு முன் கொலு பொம்மை, தீபத்துக்கு முன் அகல் என்று உங்கள் கைகளுக்கு ஓய்வே இருக்காது. கார்த்திகைத் தீபம் முடிந்ததும் ஆர்டர் மெலிகிறது. தையும் மாசியும் நம் ஊரில் காற்று உலர்ந்து, வெயில் இன்னும் ஏறாமல் இருக்கும் மாதங்கள். அரக்குப் பூச்சு அழகாகப் படிவது அப்போதுதான். வேலை குறையும் மாதமும் பிரம்புக்கு ஏற்ற மாதமும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. உங்களிடம் தூரிகை இருக்கிறது, நிறம் கலக்கும் கண் இருக்கிறது, பொம்மையின் புருவத்தைப் பிசிறில்லாமல் இழுக்கும் கை இருக்கிறது. புதிதாக வாங்க வேண்டியவை அரக்கும் ஸ்பிரிட்டும் சாயப் பொடியும் உப்புத்தாளும்தான்.

கூலியைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். சண்டிகர் நகரம் கட்டப்பட்டபோது பியர் ஜானரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகளுக்கு முதுகும் இருக்கையும் பிரம்புப் பின்னல்தான். பிற்காலத்தில் அலுவலகங்கள் அவற்றை உடைசல் என்று கழித்துக்கட்டின. வாங்கியவர்கள் பழுது பார்த்து, மெருகேற்றி, வெளிநாட்டு ஏலக் கூடங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவும் வெளியே அனுப்பவும் தடை போட வேண்டியதாயிற்று. நம் வீட்டு நாற்காலிக்கு அந்த விலை வராது. ஆனாலும் குப்பைக்கும் பண்டத்துக்கும் இடையில் அங்கே நின்றது மெருகேற்றிய கைகளின் உழைப்பு. ஒரு நாற்காலிக்குச் சுத்தம், தேய்ப்பு, சாயம், பூச்சு என்று ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டு, ஒரு நாள் பொம்மை வேலைக்கு வாங்குவதைவிடக் குறையாமல் கேளுங்கள்.

தை பிறந்ததும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மாடியில் கிடக்கும் ஒரு நாற்காலியைக் கீழே இறக்குங்கள். முதல் சோதனையை அடிப்பக்கத்தில் செய்யுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. தைக்காலுக்கு ஒருநாள் போய்ப் பின்னல் வேலையையும் பார்த்து வாருங்கள், அங்கே உள்ளவர்களிடம் கேட்டுப் பழகுங்கள். பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் நம் ஊர் அரசுப் பயிலகத்து ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: பொம்மைப் பட்டறைப் பெண்களுக்குச் சாயம், பூச்சு, ஈயப் பாதுகாப்பு குறித்து ஒருநாள் வகுப்பு எடுங்கள். மாசி மகத்துக்கு உறவினர்கள் ஊருக்கு வரும்போது, நீங்கள் மெருகேற்றிய நாற்காலியைத் திண்ணையில் போட்டு அவர்களை உட்காரவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்
விருத்தாசலம்